கிரகணக் கணக்கு சரி, மனிதக் கணக்கு பிழை: வட்டுக்கோட்டை டானியல் புவரின் கதை

ஒவ்வொரு வருடமும் ரமழான் நெருங்கும்போது நமது கைத்தொலைபேசிகளில் ஒரே சச்சரவு. பிறை தென்பட்டதா, இல்லையா? கணக்கு பெரிதா, கண் பெரிதா? மறுபக்கம், விஞ்ஞானம் இன்று கண்டுபிடித்ததை நமது மார்க்கம் அன்றே சொல்லிவிட்டது என்று பிற மதத்தவரை நோக்கிச் சவால் விடும் காணொளிகள். இந்த இரண்டையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரின் நினைவு வருகிறது. வானத்தைக் காட்டி ஒரு சமூகத்தின் நம்பிக்கையைத் தோற்கடிக்கலாம் என்று முயன்றவர் அவர். அவர் பெயர் டானியல் புவர். அவருடைய வாழ்க்கை நமக்குப் புறம்பான கதை அல்ல. அதில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் ஒரு நல்ல முன்மாதிரியும் இருக்கின்றன.

கப்பலில் வந்த ஆசிரியர்

புவர் 1789ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டான்வர்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்று, அண்டோவரில் இறையியல் கற்று, 1815 அக்டோபரில் மனைவி சூசனோடு கப்பல் ஏறினார். சூயஸ் கால்வாய் இல்லாத காலம் அது. ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஐந்து மாதங்கள் பயணித்து, 1816 மார்ச் 22ஆம் திகதி கொழும்பை அடைந்தார்கள்.

இந்தப் பயணமே ஒரு வானியல் பாடம். டான்வர்ஸில் இரவில் வடக்கே பார்த்தால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 42 பாகை உயரத்தில் நிற்கும். கப்பல் தெற்கே போகப் போக அது தாழ்ந்துகொண்டே வரும். பூமத்திய ரேகையைக் கடந்தால் கடலுக்குள் மறைந்துவிடும். தெற்கு வானில் அதுவரை பார்த்திராத நட்சத்திரங்கள் எழும். பூமி தட்டையாக இருந்தால் இப்படி நடக்காது. யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அதே துருவ நட்சத்திரம் வடக்கே வெறும் பத்துப் பாகை உயரத்தில், பனைமரத் தலைகளுக்கு இடையே எட்டிப் பார்த்திருக்கும். ஓர் ஊரில் துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் ஏறக்குறைய அந்த ஊரின் அகலக்கோடு. நமது முன்னோர்களான கடலோடிகள் இதை விரல்களால் அளந்து கடல் கடந்தவர்கள்.

அமெரிக்க மிஷனரிமாருக்கு ஆங்கில ஆட்சி வடக்கில் இடம் கொடுத்தது. புவர் தெல்லிப்பழையில் குடியேறினார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச் சென்ற பாழடைந்த கட்டடங்களே அவர்களுக்குக் கிடைத்தன. உடன் வந்த தோழர்களில் எட்வர்ட் வாரன் 1818இலும், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1822இலும் இறந்தார்கள். 1821இல் மனைவி சூசனும் தெல்லிப்பழையிலேயே இறந்தார். புவர் ஊர் திரும்பவில்லை. தமிழை நன்றாகக் கற்றார். கிராமம் கிராமமாகப் பாடசாலைகளைத் திறந்தார். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியபோது அதன் முதல் அதிபரானார்.

வட்டுக்கோட்டையில் வானம்

அந்தச் செமினரி பெயருக்குத்தான் குருமடம். நடைமுறையில் அது ஒரு கல்லூரி. தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம் ஆகியவற்றோடு வானியலும் அங்கே முக்கிய பாடம். பையன்களுக்கு அங்கே கிடைத்த வானத்தின் படம் ஏறக்குறைய இதுதான்: சூரியன் நடுவில் இருக்கிறது. பூமி ஒரு கோள். தன்னைத்தானே சுற்றுவதால் இரவும் பகலும் வருகின்றன. சூரியனைச் சுற்றுவதால் ஆண்டு வருகிறது. சந்திரன் பூமியைச் சுற்றுகிறது. அதற்குச் சொந்த வெளிச்சம் இல்லை. நட்சத்திரங்களோ தொலைவில் இருக்கும் சூரியன்கள்.

அன்று அறியப்பட்டிருந்த கோள்கள் பூமியோடு சேர்த்து ஏழு. எட்டாவதான நெப்டியூன் 1846இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. யுரேனஸ் கணக்கில் சொன்ன இடத்தில் நிற்காமல் விலகிச் சென்றது. ஏன் விலகுகிறது என்று கணித்துப் பார்த்தவர்கள், வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்று முடிவு செய்து, தேட வேண்டிய இடத்தையும் சொன்னார்கள். அந்த இடத்துக்கு மிக அருகிலேயே அது இருந்தது. நட்சத்திரங்களின் தூரமும் அப்படித்தான். புவர் செமினரியைத் தொடங்கியபோது எந்த ஒரு நட்சத்திரத்தின் தூரத்தையும் உலகில் யாரும் அளந்திருக்கவில்லை. 1838இல் ஜேர்மனியின் பெஸ்ஸல் முதன்முறையாக அளந்தார். அவர் அளந்த நட்சத்திரத்திலிருந்து ஒளி நம்மை வந்தடையப் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சூரிய ஒளி நம்மிடம் வருவதற்கு எட்டு நிமிடங்கள் சொச்சம்தான். சந்திரனிலிருந்து ஒரு வினாடிக்குச் சற்று அதிகம். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வானத்தின் பரப்பு பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

ஆனால் புவர் வானியலைக் கற்பித்ததன் நோக்கம் வானியல் மட்டும் அல்ல. புராணங்களில் உள்ள மேருமலையும், ஏழு கடல்களும், சந்திரனை விழுங்கும் இராகுவும் பொய் என்று நிறுவிவிட்டால் சைவ சமயமே சரிந்துவிடும், பிள்ளைகள் தாமாகவே கிறிஸ்தவத்துக்கு வந்துவிடுவார்கள் என்று அவர் நம்பினார். தொலைநோக்கி அவருக்குப் பிரசாரத்தின் கருவியாகவும் தோன்றியது.

1829 மார்ச் 20

அதற்கான வாய்ப்பு 1829இல் வந்தது. அன்றைய யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கக் கணிதராகப் பெரும் மதிப்போடு விளங்கியவர் விசுவநாத சாஸ்திரியார். மார்ச் 20ஆம் திகதி நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவருடைய பஞ்சாங்கம் குறித்திருந்தது. புவர் ஐரோப்பிய அட்டவணைகளைக் கொண்டு அதே கிரகணத்தைக் கணித்தார். தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், சந்திரனின் எவ்வளவு பாகம் மறையும் என்ற மூன்றிலும் வித்தியாசம் இருந்தது. புவர் அதை முன்கூட்டியே ஊரறியச் சொன்னார். அன்றிரவு பலர் பார்த்திருக்க, சந்திரன் புவரின் கணக்குப்படியே மறைந்தது. தீபகற்பம் முழுவதும் அது பேச்சானது.

இதில் நமக்கு ஒரு சுவையான செய்தி உண்டு. ஹிஜ்ரி நாட்காட்டியைப் பின்னோக்கிக் கணித்தால், அது 1244ஆம் ஆண்டு ரமழான் மாதத்தின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துச் சோனகர்கள் நோன்பு நோற்றிருந்த நாட்கள். சந்திர கிரகணம் எப்போது நிகழ்ந்தாலும் அது நமது மாதத்தின் நடுவில்தான் வரும். காரணம் எளிது. பூமியின் நிழல் சந்திரன்மீது விழ வேண்டுமானால், சூரியனும் சந்திரனும் பூமிக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். அது முழுநிலா நாளில்தான் நடக்கும்.

அப்படியானால் ஒவ்வொரு முழுநிலாவிலும் கிரகணம் வராதது ஏன்? சந்திரனின் பாதை, பூமியின் பாதைக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான மாதங்களில் சந்திரன் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிச் சென்றுவிடும். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளுக்கு அருகில் முழுநிலா அமைந்தால் மட்டுமே கிரகணம். அந்த இரண்டு புள்ளிகளுக்குத்தான் இந்தியக் கணிதர்கள் இராகு, கேது என்று பெயர் வைத்துக் கணக்கிட்டார்கள். ஆக, பஞ்சாங்கக் கணிதர்களின் கணக்கில் இராகு பாம்பு அல்ல, ஒரு புள்ளி. பாம்புக் கதை பொதுமக்களுக்கானது.

இதைச் சொல்லாமல் விட்டால் சாஸ்திரியாருக்கு அநீதி செய்தவர்களாவோம். 1825இல் ஜோன் வாரன் என்ற அதிகாரி, புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததைக் கண்டு பதிவு செய்தார். ஓலையோ எழுதுகோலோ தேவைப்படவில்லை. கிரகணம் தொடங்கும் நேரம் சில நிமிட வித்தியாசத்தில் சரியாக இருந்தது. முடியும் நேரத்தில்தான் பிசகு கூடியது. பல நூற்றாண்டுகள் தலைமுறை தலைமுறையாக வந்த கணக்கு அது. இது சாதாரணத் திறமை அல்ல.

பிறகு ஏன் பிழைத்தது? அடிப்படை எண்கள் மிகப் பழையவை. சந்திரனின் வேகத்தில் மிகச் சிறிய ஒரு பிழை இருந்தாலும், நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அது சேர்ந்துகொண்டே போகும். வானத்தைத் திரும்பத் திரும்ப அளந்து எண்களைத் திருத்தாவிட்டால், எவ்வளவு நுட்பமான கணக்கும் ஒருநாள் தவறிவிடும். ஐரோப்பியர்கள் அந்தக் காலத்தில் தொடர்ந்து அளந்தார்கள், திருத்தினார்கள். புவரின் வெற்றி அந்த உழைப்பின் வெற்றி. அதை அவர் தமது மதத்தின் வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

என்ன நடந்தது?

கிரகணத்துக்குப் பின் யாழ்ப்பாணம் மதம் மாறவில்லை. பிள்ளைகள் புவரின் வானியலையும் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவத்தை ஏற்றவர்களும் இருந்தார்கள். பலர் தமது நம்பிக்கையிலேயே நின்றார்கள். செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். சைவராக வாழ்ந்து, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றித் தமிழுக்குத் தொண்டு செய்தார். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். மிஷனரிமாரின் பாடசாலை முறையையும் அச்சகத்தையும் பயன்படுத்தியே சைவம் எழுந்து நின்றது.

புவர் 1830களின் நடுப்பகுதியில் மதுரைக்குச் சென்று அங்கும் பாடசாலைகளை நடத்தினார். 1841இல் யாழ்ப்பாணம் திரும்பினார். அவருக்குப் பின் செமினரியை நடத்திய ஹென்றி ஹொய்சிங்டன் இந்து வானியலைப் பொறுமையோடு கற்று, அதை விளக்கும் ஒரு பெரிய நூலை 1848இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். தோற்கடிக்க எடுத்த பாடம், கடைசியில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாக ஆனது.

1855 பெப்ரவரியில் வாந்திபேதி நோய் கண்டு புவர் மானிப்பாயில் இறந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளை இந்த மண்ணின் மக்களோடு கழித்தவர், இந்த மண்ணிலேயே அடங்கினார். அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தலைவர்கள் செமினரியை மூடினார்கள். படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்களே தவிர மதமாற்றம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்பது அவர்களுடைய கணக்கு. பின்னர் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

புவரின் கிரகணக் கணக்கு சரியாக இருந்தது. மனிதர்களைப் பற்றிய கணக்குத்தான் பிழைத்தது. பஞ்சாங்கத்தில் சில நிமிடங்கள் தவறியதற்காக யாரும் தாய் தந்தையர் வழிவந்த இறைநம்பிக்கையை விட்டுவிடுவதில்லை. ஆனால் அவர் திறந்துவைத்த பாடசாலைக் கதவுகள் மூடப்படவேயில்லை. யாழ்ப்பாணத்தில் மதங்கள் போட்டியிட்டுக் கட்டிய அந்தப் பாடசாலைகளின் பயன் நமக்கும் வந்தது. நமது சமூகத்தின் கல்விக்குத் தலைமை தாங்கிய ஏ. எம். ஏ. அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணத்து இந்துப் பாடசாலைகளில் படித்து மேலே வந்தவர்தான்.

நமக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டது

இந்த இடத்தில் நமது நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்வை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுடைய சிறு குழந்தை இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அது கி.பி. 632 ஜனவரி 27ஆக இருக்கும் என்று பிற்காலக் கணிதர்கள் கணித்துள்ளார்கள். குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். ஒரு மதத் தலைவருக்கு இதைவிட வசதியான தருணம் கிடைக்குமா? மௌனமாக இருந்திருந்தாலே போதும். மக்கள் அதை அற்புதமாக நம்பியிருப்பார்கள். ஆனால் நபியவர்கள் அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்றும் தெளிவுபடுத்தி, தொழுகையின் பக்கம் மக்களைத் திருப்பினார்கள். துக்கத்தின் நடுவிலும் வானத்தைத் தமக்குச் சாதகமான சாட்சியாக அவர்கள் நிறுத்தவில்லை.

இந்த வழியில் வந்தவர்கள்தான் வானத்தை அளந்தார்கள். அல்பத்தானி தொலமியின் எண்களை மீண்டும் அளந்து திருத்தினார். உலுக் பேக் சமர்கந்தில் வானாய்வு நிலையம் கட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடங்களை அளந்து பட்டியலிட்டார். அல்பீரூனி இந்தியாவைப் பற்றி எழுதியபோது, சமஸ்கிருதம் கற்று, இந்தியக் கணிதர்களின் நூல்களைப் படித்து, அவர்களுடைய சரியையும் பிழையையும் நிதானமாகப் பிரித்துக் காட்டினார். புவருக்கு எண்ணூறு ஆண்டுகள் முந்தியவர் அவர்.

இன்று நாம் எங்கே நிற்கிறோம்? விவாத மேடைகளில் நட்சத்திரங்களை ஆயுதமாக எடுக்கிறோம். பெருவெடிப்பு, கருந்துளை என்று புதிதாக எது பேசப்பட்டாலும் அது நமக்குச் சொந்தம் என்று அறிவிக்கிறோம். நாளை அந்த விஞ்ஞானக் கருத்து திருத்தப்பட்டால் என்ன செய்வோம் என்று யோசிப்பதில்லை. புவர் செய்த அதே பிழை இது. அவராவது கிரகணத்தைத் தாமே கணித்தார். நம்மில் எத்தனை பேருக்கு அது முடியும்?

பிறை விடயத்திலும் அப்படித்தான். தலைப்பிறையைத் தீர்மானிப்பது உலமாக்களின் பொறுப்பு. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் வாதிடுவோர் அடிப்படைகளையாவது அறிந்திருக்க வேண்டும். சந்திரன் வானில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 13 பாகை கிழக்கே நகர்கிறது. அமாவாசைக் கணத்தை வினாடி சுத்தமாகக் கணிக்கலாம். ஆனால் அந்தக் கணத்திலேயே பிறை கண்ணுக்குத் தெரியாது. சந்திரன் சூரியனை விட்டுப் போதிய அளவு விலகி, சூரியன் மறைந்த பின்னும் அடிவானத்துக்கு மேலே நிற்க வேண்டும். முகில், தூசி, பார்ப்பவரின் கண் எல்லாம் அதற்குப் பிறகு. சூரியனுக்கு முன்பே சந்திரன் மறைந்துவிட்ட மாலையில் பிறை கண்டதாக ஒருவர் சொன்னால், அவரிடம் மரியாதையாக மறுபடி விசாரிக்கக் கணக்கு உதவும். கணக்கும் கண்ணும் பகைவர்கள் அல்ல. கண் கணக்கைத் திருத்தும். கணக்கு கண்ணுக்குக் காவல் நிற்கும்.

பள்ளிவாசல் மாடியில் ஓர் இரவு

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. மாதத்தில் ஒருநாள் இஷாவுக்குப் பின் பிள்ளைகளைப் பள்ளிவாசல் மாடிக்கோ கடற்கரைக்கோ அழைத்துச் செல்லலாம். துருவ நட்சத்திரத்தைக் காட்டி அதன் உயரத்தை அளக்கச் சொல்லலாம். ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியில் ஒடுங்குவதைக் காட்டலாம். ஒவ்வொரு மாதமும் 29ஆம் நாள் மாலை சூரியனும் சந்திரனும் மறையும் நேரங்களை ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லலாம். ஒரே வருடத்தில் அந்தப் பிள்ளை நமது வாட்ஸ்அப் அறிஞர்கள் பலரைவிட அதிகம் தெரிந்திருக்கும். 1990இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, நீண்ட காலத்துக்குப் பின் திரும்பிவந்த யாழ்ப்பாண முஸ்லிம்களின் பிள்ளைகளுக்கு, சொந்த மண்ணின் வானத்தை அறிமுகப்படுத்துவதும் ஒரு மீள்குடியேற்றமே.

அந்த மாடியில் நின்று இன்னொன்றையும் காட்டலாம். தமிழர் ரோகிணி என்றதை அரபியர் அல்தபரான் என்றார்கள். தமிழரின் திருவோணம் அரபியரின் அல்தாயிர். இன்று உலகம் முழுவதும் அந்த நட்சத்திரங்களை அரபுப் பெயரால்தான் அழைக்கிறது. தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளைக்கு இரண்டு பெயர்களும் சொந்தம். அந்தச் சொந்தத்தைப் பெருமை பேசித் தீர்த்துவிடாமல், படித்துக் காப்பாற்றட்டும்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நமக்கும் நமது பிள்ளைகளுக்கும் அதிகப்படுத்துவானாக.